டேங்கில் மிச்சம்

வண்டி கிளம்பவில்லை என்று உங்கள் டிரைவரைத் திட்டாதீர்கள், தம்பி. அவர்மேல் தப்பில்லை. ஃபைனான்ஸ்காரர் அனுப்பிய ஆள் நீங்கள், வண்டியை எடுத்துப் போவது உங்கள் வேலை. ஆனால் கட்டி இழுத்துப் போனால் அந்தக் கூலியையும் என் தலையில்தான் எழுதுவீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். மோர் குடியுங்கள்.

துடியலூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கும் ராமுலு நாயுடுவுக்கு அம்பாசடர் எதற்கு என்று நினைப்பீர்கள். என் மகள் வரலட்சுமியைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் என்ன நிற்கிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள். கடனில் எடுத்து நிறுத்தினேன். நல்ல வரன் வருமுன் குவைத்தில் சண்டை வந்துவிட்டது. பெட்ரோல் ஏறிய ஏற்றத்தில், தவணை கட்டினால் பெட்ரோல் இல்லை, பெட்ரோல் போட்டால் தவணை இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் வீதியின் மரியாதை வேறு. இருப்பது ஒரே கார் என்றால் ஆஸ்பத்திரிக்கும் அதுதான், எழவுக்கும் அதுதான். "ஏனுங்க, வண்டி சும்மாதானுங்களே நிக்குது?" என்று தலையைச் சொறிவார்கள். திரும்பி வந்ததும் ஒரு சீப்புப் பூவன்பழம் கொடுப்பார்கள். பூவன்பழத்தில் கார் ஓடாது. ஆனால் முடியாது என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை.

அதனால் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எஞ்சினில் ஒரு மூடிக்குள் இருக்கும் சின்னச் சாமான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ரிப்பேர் என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் எதிர்வீட்டு ஷேக் பரீத் ஓடிவந்தார். பழைய இரும்பு வியாபாரி. மனைவி ஜன்னத்துக்குத் தலைப்பிரசவம், ரத்தம் நிற்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். சாவி போட்டுத் திருகிக் காட்டினேன். பிறகு ஸ்டியரிங்கில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, செருப்புகூட இல்லாமல் எல்லோரோடும் சேர்ந்து மேட்டுப்பாளையம் ரோடு வரை தள்ளினேன். பையில் ரோட்டர் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. எடுத்து மாட்ட அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் எப்படி எடுப்பது? அப்போதுதான் பெருந்துறையிலிருந்து ஒரு வரன் பேச்சில் இருந்தது.

கடைசியில் ஒரு லாரி நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ஜன்னத் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும்தான். அடக்கம் முடிந்து வந்து பரீத் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கோசரம் காலெல்லாம் கொப்புளமாக்கிப்போட்டீங்களேண்ணா" என்றார். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, தம்பி.

அதோ பாருங்கள், வண்டி கிளம்பவில்லை என்றதும் தள்ளிவிடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பரீத் நிற்கிறார். இந்தாருங்கள் ரோட்டர், அவர் கண்ணில் படாமல் இதை மாட்டச் சொல்லுங்கள். இளகின மனசு, தாங்கமாட்டார்.

டேங்கில் அன்றைக்குச் செலவாகாத பெட்ரோல் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் தவணையில் கழித்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.