மூன்று தடவை கூப்பிட்டேன்

மழை ஈரம் காற்றில் வந்துவிட்டால் எனக்கு வலது தோள் குடையும். ஒன்பது வருஷம் கல் சுமந்த தோள். தைலம் தேய்த்தால் ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும், ஐயா. குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் குடிப்பதில்லை.

என் பேர் ராயப்பன். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழு ஆவணியில், பெருமுக்கல் பக்கத்துக் கல் குவாரியில் வெடியில் மாட்டி விருத்தாசலம் மேஸ்திரி செத்துப்போனார். நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் முன் நடந்தது. செத்தவருடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்திருப்பார்கள். அதைப் பற்றித்தான் இது.

முதலில் என் தம்பி சூசையைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அந்தக் குவாரியில்தான் கல் உடைத்தார். நாங்களும் அங்கேதான் வளர்ந்தோம். எனக்குக் கல் தூக்குகிற வேலை, சூசைக்குப் பள்ளத்துக்குள் சில்லு வாருகிற வேலை. இருபத்திரண்டு வயசு ஆகியும் அவனுக்குக் குரல் உடையவில்லை. கீச்சுக் குரல். கூடைக்காரப் பெண்கள், ‘இன்னா தங்கச்சி, கூழு குடிச்சியா’ என்று வம்புக்கு இழுப்பார்கள். அவனும் அதே குரலில், ‘குடிச்சேன் அண்ணே’ என்று திருப்பிக் கொடுப்பான்.

குவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. திரியில் நெருப்பு வைக்கும் முன்னால் மேஸ்திரி மேலே நின்று, ‘வெடி’ என்று மூன்று தடவை கூப்பிடுவார். பள்ளத்துக்குள் யாராவது மிச்சம் இருந்தால், ‘ஆளு இருக்கு’ என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் நிறுத்துவார். வராவிட்டால் வைப்பார். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. அந்தப் பதிலை நம்பித்தான் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

எண்பதாம் வருஷம் மாசியில் ஒரு நாள் விருத்தாசலம் மேஸ்திரி மூன்று தடவை கூப்பிட்டார். சூசையின் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ‘ஆளு இருக்கு, ஆளு இருக்கு’ என்றான். மற்றவர்கள் எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் லாரி ஓரமாகத் தோளில் கல்லோடு நின்றேன். எனக்குக் கேட்டது. என்னைவிடக் கிட்டத்தில் நின்ற மேஸ்திரி திரியைப் பற்றவைத்தார். கல்லைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியில் வெடித்தது.

‘கூப்ட்டேன் சாமி, பதிலே வர்ல’ என்று விசாரணையில் அவர் சொன்னார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா காலில் விழுந்தார். அம்மா அவரை எழுப்பி உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அதோடு கல் வேலையை விட்டேன். விழுப்புரத்தில் சக்கரபாணி என்பவர் கடையில் சேர்ந்தேன். தினமும் பாசஞ்சரில் போய் வந்து ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டோன் கண்ட்ரோல். சாதா டோன் கண்ட்ரோலுக்கு டிரான்சிஸ்டர் வேண்டாம், கரண்டு வேண்டாம். நாலு ரெசிஸ்டர், நாலு கண்டென்சர், திருப்புவதற்கு இரண்டு குமிழ். ஒன்று பேஸ், தவில் மாதிரி கனத்த சத்தத்துக்கு. இன்னொன்று ட்ரெபிள், ஜால்ரா மாதிரி கூர்மையான சத்தத்துக்கு. கல்யாண வீட்டில், ‘பேஸ ஏத்துப்பா’ என்பார்கள். ஏற்றுவதற்கு அதற்குள் ஒன்றும் கிடையாது. மற்றச் சத்தத்தை அமுக்கினால் பேஸ் ஏறின மாதிரி தெரியும், அவ்வளவுதான். இல்லாததை அது கொடுக்காது. வருவதில் எதை விடுவது, எதைப் பிடித்து வைப்பது என்பதுதான் அதன் வேலை. அது எனக்கு நேர்மையாகப் பட்டது.

எண்பத்தாறு ஐப்பசியில் மேஸ்திரி தன் பெண்சாதி தையல்நாயகியோடு, திண்டிவனத்தில் நான் போட்டிருந்த கடைக்கு வந்தார். கையில் ஒரு ரேடியோ. பாட்டு ஏதோ வருகிறது, பேச்சு மட்டும் விளங்கவில்லை என்றார். பிரித்துப் பார்த்தேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. கடையில் இருந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, பேஸை முழுக்கக் குறைத்து ட்ரெபிளை முழுக்க வைத்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் தகரத்தில் தட்டின மாதிரி வந்தது. ரோட்டில் சைக்கிளில் போன ஆள் திரும்பிப் பார்த்தான்.

“நின்னு போச்சே” என்றார் மேஸ்திரி.

பேஸைத் திருப்பினேன்.

“ஆங், இப்ப பேசறா பாரு. கைய வெச்சதும் சரியாக்கிட்டியே. நம்ம குவாரிப் புள்ளைன்னா சும்மாவா.”

அவர் பீடி வாங்கப் போன நேரத்தில் தையல்நாயகி விஷயத்தைச் சொன்னாள். டிரில்லும் வெடியும் சேர்ந்து அவர் காதைப் பத்து வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறதாம். குருவி கத்தினால் கேட்காதாம், பேத்தி கூப்பிட்டால் கேட்காதாம். கட்டைக் குரலில் பேசினால் மட்டும் கேட்குமாம். வெளியே தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மூடி மறைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கூடப் பிறந்தவளாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். சொல்ல மாட்டேன் அக்கா என்றேன். சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

பத்து வருஷம் என்று அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொம்பளைகள் நாலு வருஷத்தைப் பத்து என்பார்கள்.

அடுத்த தையில் குவாரி முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளம் ஆழமாகிவிட்டது, மேலே கூப்பிடுவது கீழே எட்டவில்லை, மைக் வைத்துக் கொடு என்றார். இரண்டு குழாய் ஸ்பீக்கரும் நானே கட்டின ஒரு ஆம்ப்ளிஃபயரும் வைத்துக் கொடுத்தேன். திரி போய் அப்போது பேட்டரி வெடி வந்திருந்தது. சுப்பராயலு என்பவர் தூரத்தில் பாறை மறைவில் பேட்டரிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். மேலே ஷெட்டில் இருக்கிறவர் மைக்கில் மூன்று தடவை ‘வெடி’ என்று சொல்லி, பள்ளத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசினால் அவர் பொத்தானை அமுக்குவார். குழாய்க்குப் போய் யார் பதில் சொல்வார்கள்? ‘ஆளு இருக்கு’ என்கிற வழக்கம் தானாக நின்றுபோனது.

ஆறு ஏழு மாசம் ஒழுங்காக நடந்தது. பேஸைத் தூக்கி வைத்திருந்தேன். கூப்பிடுகிற வேலை ஷெட்டுக்குப் போனதால் மேஸ்திரிக்கு இப்போது பள்ளத்துக்குள் வேலை. வெடி என்றதும் முதல் ஆளாக மேலே ஏறுகிறவர் அவர்தான். “உன் குழா எனக்குன்னே பேசுதுடா” என்பார். அவர் ஏறி வந்ததை இரண்டு தடவை நின்று பார்த்தேன். அறுபது வயசுக்கு நல்ல கால். சூசைக்கும் நல்ல கால்தான்.

குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது, கணீரென்று இல்லை என்று முதலாளி குறைபட்டார். அதைச் சரிசெய்யத்தான் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன், அது உண்மை. கனத்த சத்தம் போகிற வழியில் இருந்த கண்டென்சரை எடுத்துவிட்டு, அதில் நூற்றில் ஒரு பங்கு இருக்கிறதை வைத்தேன். துவரம்பருப்பு அளவு சாமான். கூர்மையான சத்தம் அதைத் தாண்டிப் போகும், கனத்த சத்தம் போகாது. குமிழ் இரண்டையும் கழற்றிவிட்டு மூடியைத் திருகினேன், யாரும் கை வைக்கக் கூடாது என்று.

பெட்டியைத் திரும்பப் பொருத்தின அன்றைக்கு மைக்கில் நானே சொன்னேன். லாரி சீக்கிரம் வருகிறது என்று ஐந்து மணி வெடியை மூன்று மணிக்கு மாற்றியிருந்தார்கள். மேஸ்திரி கீழ்த்தட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் தனியாக இருந்தார். மறுநாள் துளை போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் இருந்து பார்த்தால் அவர் தெரிவார். சுப்பராயலு இருந்த இடத்துக்குத் தெரியமாட்டார்.

முதல் தடவை சொன்னேன். என் குரல் மெல்லிசாக, கூராக மலை வரைக்கும் போனது. கூடைக்காரப் பெண்கள் மேலே ஏறினார்கள். “இன்னா ராயப்பண்ணே, குழாக்குள்ள பொம்பளைய ஒக்கார வெச்சிட்டியா” என்று அம்சா என்கிற பெண் கேட்டுவிட்டுப் போனாள். முதலாளி இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்றார். மேஸ்திரி எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எப்போதும் முதலில் ஏறுகிறவர், ஏறியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவர் குனிந்தபடியே கோடு இழுத்துக்கொண்டிருந்தார். துண்டை வீசினேன்.

மூன்று தடவை சொன்னேன் என்று போலீசில் சொன்னேன். கேட்டோம் என்று நாற்பது பேர் சொன்னார்கள். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. மறுநாள் பழைய கண்டென்சரை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். டிரில் பிடிக்கிற மற்றவர்களுக்கும் காது அப்படி ஆகியிருக்கலாம். அவர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

கருமாதி முடிந்து தையல்நாயகி கடைக்கு வந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அந்தக் காது மொதல்ல உன் தம்பியத் தின்னுச்சி. இப்ப இவரையும் தின்னுடுச்சி” என்றாள். “சூசை கொரலு காதுல வுழலியேன்னு படுத்தா எழுந்தா பொலம்புவாரு. காது போச்சுன்னு ஆபீசருங்ககிட்ட சொல்ல பயந்துக்கினு வாய மூடிக்கினோம். எங்கள மன்னிச்சிடு ராயப்பா.”

தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மை தெரிந்தது என்று இந்தக் காகிதத்தில் எழுதுவதாக இருந்தேன். எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். கடையில் ட்ரெபிளைத் திருப்பினபோது, ‘நின்னு போச்சே’ என்றாரே, அப்போதே தெரியும். அந்தக் குமிழில் வந்தது ஏறக்குறைய சூசையின் குரல். பத்து வருஷம் என்றால் சூசை சாகும் முன்பே அவர் காது போயிருந்தது. அதை நாலாகக் குறைத்துக்கொண்டது நான். அவர் வேண்டுமென்றே வைத்தார் என்று நினைத்துத்தான் கல்லை விட்டேன், தொழில் கற்றேன், கடை போட்டேன். அவர் மேல் தப்பில்லை என்றால் அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தெரிந்தே செய்தேன்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். அவர் குனிந்தபடியே இருந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. மூன்றாவது தடவை சொல்லி மைக்கைக் கீழே வைத்தபோது அவர் நிமிர்ந்தார். சுற்றிப் பார்த்தார். பள்ளத்தில் ஒருத்தரும் இல்லை. ஷெட்டில் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்தார். வெடி நேரத்தில் டிரில்லுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை நிறுத்திவிடுவார்கள், அவருக்கும் கட்டைக் குரல். அங்கே வேறு யாருக்கும் எட்டியிருக்காது, எனக்கு நன்றாகக் கேட்டது.

“ராயப்பா, வெடி இருக்குதாடா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி. ‘இருக்குது மேஸ்திரி, மேல வந்துடுங்க.’ அவ்வளவுதான் அது.