பங்களாவுக்குப் போகும் தேயிலை வேர்

அக்கரப்பத்தனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் ஒரு தேயிலை வேரைத் துண்டால் சுற்றி வைத்திருந்தாள். காலடியில் ஒரு சாக்கு.

"அடுப்புக்கா, அக்கா?" என்றாள் மற்றவள்.

"மெதுவாப் பேசுடி. இது பங்களா ஹோல்ல, முன்கூடத்துல வைக்கிற அழகுச் சாமான்."

தூங்கலாம் என்றிருந்த எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"வெறகையா வைப்பாங்க?"

"நானும் அப்படி நெனச்சுத்தான் மாட்டிக்கிட்டேன். நான் வேலை பாக்குற பங்களா அம்மா, நம்ம நோனா, களிமண்ணு பூசுன சுவரு, கொழுந்துக் கூடைக்குள்ள லைட்டுன்னு பாத்துப் பாத்து வச்சிருக்காங்க. நேத்து குளிரு தாங்கல, நெருப்பு மூட்டச் சொன்னாங்க. மூலையில ஒரு வேரு நல்லாக் காஞ்சு பளபளன்னு இருந்துச்சு. தூக்கி நெருப்புக்குள்ள வச்சிட்டேன்."

"ஐயோ!"

"பாலிஷ் போட்டது போலிருக்கு. குப்புன்னு புடிச்சிருச்சு."

"வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்லடி. அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு நாற்காலிய நெருப்புகிட்ட இழுத்துப் போட்டு, ரெண்டு கையையும் நீட்டிக் குளிர் காஞ்சாங்க. அப்புறம் வேற வேரு கொண்டுவரச் சொன்னாங்க."

"அதான் இதா? அப்ப சாக்குல என்ன?"

"அதுவும் வேருதான். எரிக்கிறதுக்குத் தனியாக் கேட்டாங்க."