அதிக எண்ணுக்குச் சிவப்பு

"சிவப்புன்னா ஆபத்துன்னு சின்ன வயசிலேர்ந்து நம்பிட்டு வர்றோம் பாருங்க சார், அது மாபெரும் தப்பு. சொல்லவே வருத்தமா இருக்கு. மனுஷகுலம் எவ்வளவோ தூரம் வந்தும் இதுல மட்டும் தேறல. சிவப்பு ஒரு நிறம். அவ்வளவுதான். அதுக்கு என்ன அர்த்தம்னு அட்டவணைக்குக் கீழ போட்டிருக்கும். கீழ பாக்கணும். எவன் பாக்கறான்?... ஆடாதீங்க சார், முடிச்சு போட்டுடறேன்."

வெள்ளைப் போர்வையின் நாடாவை வாடிக்கையாளரின் பிடரியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார் அந்த மனிதர். அவர் முடி வெட்டுபவர் அல்ல; முடி வெட்டுபவரின் அக்கா புருஷன். ஊர் விவரங்களை எண்களாக வெளியிடும் ஒரு வலைப்பூவில், பிறர் எழுதும் கட்டுரைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். அலுவலகத்தில் அவரை 'அட்டவணை' என்றே அழைத்தார்கள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தார். கடையின் மூன்று நாற்காலிகளிலும் ஒரு வாரமாக ஒருவரும் உட்காரவில்லை. இன்றைக்கு ஒருவர் வந்துவிட்டார், பிளேடு இல்லை. மச்சினன் வாங்க ஓடும்போது, "மாமா, நான் வர்ற வரைக்கும் இவர விட்டுடாதீங்க, பேசிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாவதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"இப்ப வந்துடுவான், தெரு முனைக் கடைதான். ஆளுக்கு ஒரு புது பிளேடு, அதுல ரொம்பக் கறார். ஆளே வரலேன்னு வாங்கி வைக்கல, பாவம். சுத்தம்னா அவன்தான் சார். சீப்ப வெந்நீர்ல போட்டு எடுத்துத் துடைப்பான், அப்புறம் துடைச்ச துணியத் துவைப்பான். எங்க பிளாக்குல மாசா மாசம் ஊர்ல இருக்கற முடிவெட்டற கடைங்களுக்கு சுத்தத்துக்கு மார்க் போடறாங்க. இவனுக்குத் தொண்ணூத்தாறு. முதல் இடம்! அடுத்தது எதிர்க்கடை, தொண்ணூத்தி நாலு. நாற்காலிக்கு ஒரு சுத்தமான போர்வை இருக்கணும், அதுக்கு மட்டுமே அஞ்சு மார்க். மூணு நாற்காலி, மூணு போர்வை. ஒண்ணு உங்க மேல இருக்கு, அழுக்காக்கிடாதீங்க. சாயங்காலம் மறுபடி கணக்கெடுக்க ஒரு பொண்ணு வருது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எண்ணும்.

"முதல் இடம் வந்தவன் ஏன் ஈ ஓட்டறான்னு கேளுங்களேன்... கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். அவன் கடை வரிசை சிவப்பா இருக்காம்! பாத்தவனெல்லாம் சொறி சிரங்கு வரும்னு எதிர்க்கடைக்கு ஓடறான். அடிக்குறிப்பு இருக்கு சார்! 'மிகப் பெரிய எண் சிவப்பில் தரப்பட்டுள்ளது.' முத்து முத்தா இருக்கு. சாம்பல் நிறத்துல, பொடி எழுத்துல. பெரிசாப் போடக்கூடாதான்னு எங்க ஆசிரியரம்மா கேக்கறாங்க. அடிக்குறிப்புன்னா அடக்கமா ஒரு மூலையில இருக்கணும். தலைப்பு மாதிரி கத்தலாமா?

"கத்தறதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு, கட்டுரை எழுதறவங்க. எல்லா வரியும் தடிச்ச எழுத்து! எல்லாரும் கத்தினா எவன் பேச்சு காதுல விழும்? நான் அளவாப் பேசறேன், அதனாலதான நீங்க கேக்கறீங்க. அப்புறம் பெட்டி. பத்திக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு பெட்டி, வீடு காலி பண்ணிட்டுப் போறவங்க லாரி மாதிரி. ஒருத்தன் வட்டத்தப் போட்டு பதினோரு துண்டாக்கறான், பதினொண்ணும் ஒரே நீலம். எண்ண வலது ஓரத்துல, ஒண்ணுக்கு நேரா ஒண்ணு, பத்துக்கு நேரா பத்துன்னு நிறுத்துடான்னா, குடிச்சிட்டு வரிசைல நிக்கறவன் மாதிரி நடுவுல தள்ளாட விடறான். போன மாசம் நாய்க் கணக்கு. வீட்டுக்கு சராசரி ஒண்ணே புள்ளி மூணு ஏழு நாலு ரெண்டு நாயாம்! அந்தக் கடைசி ரெண்டு என்ன சார்? வாலா, காதா?

"எங்க விட்டேன்... ஆங், சிவப்பு. அந்த விதிய எவன் எழுதினான்னு ஆபீசுல ஒரே பேச்சு. எவனோ எழுதினான்! முதல்ல தெருச் சத்தம்னு ஒரு கட்டுரை. அதிகச் சத்தம் சிவப்பு. யாராவது வாயத் தொறந்தாங்களா? அடுத்து பஸ் தாமதம். அதிகத் தாமதம் சிவப்பு. சபாஷ்னாங்க! அப்புறம் நூலகம். அதிகப் புத்தகம் இருக்கற நூலகம் சிவப்பு. மறுநாள் போன் மேல போன், 'அங்க என்ன சார் நடந்துச்சு, எத்தன பேருக்கு அடி'ன்னு! படிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு நூலகம்?

"மச்சினன் கெஞ்சறான். 'மாமா, ஒரே ஒரு வரி, பச்சையா மாத்திடுங்க, இல்லாட்டி இந்த மாசத்தோட கடைய மூடிடறேன்'ங்கறான். மச்சினனுக்குப் பச்சை போட்டா நாளைக்கு சகலை வந்து நிப்பான், அவனுக்கு ஊதாவா? விதின்னா விதி சார். வீட்ல தட்டு வைக்கற சத்தமே மாறிப்போச்சு. 'எழுதின கைதான, அதே கையால அழிக்கறதுக்கு என்ன?'ன்னு நறுக்குனு கேக்கறா... ஆமா, நான்தான் எழுதினேன். சொல்லிட்டேன். அதுக்கு இப்ப என்ன?

"போர்வைக்குள்ள என்ன வெளிச்சம்? ஓ, போன்ல தேடறீங்களா! பேஷ், பேஷ். ஆமா, அந்தப் பக்கந்தான். சிவப்பாத் தெரியுதா? அதேதான், அதான் இந்தக் கடை! அடிக்குறிப்பு தெரியுதா? இன்னும் கீழ தள்ளுங்க. அது விளம்பரம். இன்னும் கீழ... ஏன் சார் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? ஏன் நகர்றீங்க?

"உக்காருங்க, உக்காருங்க, படமே போட்டுக் காட்டறேன். இதோ நுரை. எங்கள்ல ஒருத்தி பட்டைப் படத்தத் தொண்ணூறுலேர்ந்து ஆரம்பிச்சா. தொண்ணூத்தாறு பனைமரமாட்டம் நிக்குது, தொண்ணூத்தி நாலு முட்டிக்குக் கீழ கெடக்குது! பச்சைப் பொய். பூஜ்யத்திலேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு இடம் வேணும்ல, இந்தக் கண்ணாடி பூரா எடுத்துக்கறேன். இது முதல் பட்டை..."

முதல் பட்டை வாடிக்கையாளரின் வலது தோளை மறைத்தது. இரண்டாவது அவர் முகத்தை.

"...இது ரெண்டாவது, நம்ம எதிர்க்கடை. பாத்தீங்களா, ஏறக்குறைய ஒரே உயரம்! மூணாவது இன்னொரு கடை. நல்லா அகலமாப் போடுவோம், பட்டைக்குப் பட்டை இடைவெளி குறைச்சலா இருக்கணும்... நடுவுல பேசாம கேக்கறீங்க பாருங்க, அது பெரிய குணம் சார். எங்க ஆபீசுல ஒருத்தருக்கும் கெடையாது. நாலு வார்த்தை பேசறதுக்குள்ள தண்ணி குடிக்கப் போயிடுவாங்க. இப்ப ஓரத்து அச்சுக் கோட்டுக்குப் பேர் எழுதணும். படுத்த எழுத்தா எழுதக்கூடாது, கழுத்தச் சாய்ச்சுப் படிக்கணும், உங்களுக்கே கழுத்துல நாடா..."

கண்ணாடி முழுவதும் நுரையாகிவிட்டிருந்தது. கதவு திறந்தது. மச்சினன் பிளேடுப் பொட்டலத்தோடு நின்றான்.

"மாமா, அவர் எங்க?"

"இதோ, உன் நாற்காலி..." என்று திரும்பினார் அட்டவணை. நாற்காலி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெள்ளையாப் போத்திக்கிட்டு ஒருத்தர் எதுக்க ஓடினார். அவர்தானா?" என்றான் மச்சினன்.

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருந்தேன்" என்றார் அட்டவணை.

சாயங்காலம் கணக்கெடுக்கும் பெண் வந்து போர்வைகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்து, ஐந்து மார்க்கைக் குறைத்துக்கொண்டு போனாள். இரவு வெளியான அட்டவணையில் கடை இரண்டாம் இடத்துக்கு இறங்கி, கறுப்பு எழுத்தில் இருந்தது; எதிர்க்கடை சிவப்பில் இருந்தது. மறுநாள் காலை மூன்று நாற்காலியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாமவருக்குத் துண்டைப் போர்த்தியிருந்தான் மச்சினன்.