மதர் போச்சு

நீ இளைத்துவிட்டாய். முதலில் உட்கார். வந்ததும் வராததுமாக, தம்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

அவனுடைய கேம் கம்ப்யூட்டர் தானாகத்தான் செத்தது. அதில் எனக்குப் பங்கில்லை. உள்ளே விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். நண்பனிடம் போனில் சொன்னான்: "மதர் போச்சுடா. வேற மதர்தான் பாக்கணும்." மாடிப்படியில் நின்று பேசினான். மேல்வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே இறங்கி வந்தாள். கதவைத் திறந்தது நான்.

"ஐயோ, நீங்களா?"

"நான்தான். வேற யாரு வரணும்?"

இருவரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தேர்வு ஆட்டமாம். ஜெயித்தால் ஒரு கேம் குழுவில் சேர்த்துக்கொள்வார்களாம். சம்பளம், வேறு ஊரில் தங்க வீடு. எனக்கு அப்போதுதான் தெரியும். மேல்வீட்டு அக்காவுக்கு முன்பே தெரியுமாம்.

மதர் என்று அவன் சொன்னது மதர்போர்டை, மற்ற பாகமெல்லாம் மாட்டும் பலகையாம். புதியது வாங்க நானும் கடைக்குப் போனேன். சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட அவன் கேட்ட அளவு கேள்வி கேட்க மாட்டார்கள். பிராசஸருக்குப் பொருந்துமா, பழைய ராம் ஏறுமா, பெட்டிக்குள் அடங்குமா.

"பழைய மதரைத் தூக்கிப் போடுங்க தம்பி. அது இனி எதுக்கும் தாங்காது" என்றார் கடைக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "உங்களைச் சொல்லலம்மா."

அதற்கு உன் தம்பி சிரித்தான்.

பிராசஸர் உட்காரும் இடத்தில் முடியைவிட மெல்லிய ஊசிகள். "ஒண்ணு வளைஞ்சாலும் ஆன் ஆகாது, வாரண்டியும் கிடையாது" என்றார் கடைக்காரர். நான் தையல்காரி. ஊசி என்றால் காது தானாகத் திரும்பும்.

வீட்டுக்கு வந்து அவன் குளிக்கப் போனபோது அந்த ஊசிகள் மேலிருந்த மூடியை எடுத்தேன். என் ஊசியால் இரண்டை மட்டும் சாய்த்துவிட்டு மூடினேன். வந்து மாட்டினான். ஓடவில்லை. கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நான்தான் வளைச்சுட்டேனாம்மா?"

"உன் கை லேசா நடுங்குதேடா. கவனிச்சியா?"

நடுங்கவில்லை. நான் கேட்ட பிறகு நடுங்கியது.

அடுத்த போர்டை இன்னும் அலசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். வேறு கம்பெனி, கனமானது, நல்ல பெயராம். என் ஊசிக்குப் பெயர் தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினான், பாவம். நான் அதற்கு முன்பே முடித்திருந்தேன். இந்தத் தடவையும் ஓடவில்லை. கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நண்பன் தன் வீட்டுக்கு வந்து விளையாடச் சொன்னான். "என் கை சரியில்ல மச்சி, வேற ஆளப் பாத்துக்கோ" என்றான் இவன். போனை அவன் காதில் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நரம்பில் ஒன்றுமே இல்லை என்கிறார் டாக்டர். அவர் பார்க்கும்போது ஒன்றும் இல்லைதான். வீட்டுக்கு வந்தால் கரண்டி நிற்காமல் ஆடுகிறது. மூன்று வேளையும் நான் ஊட்டுகிறேன். வாயைத் திற என்றால் திறக்கிறான். சின்ன வயதில்கூட இவ்வளவு சமர்த்தாகச் சாப்பிட்டதில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாய். தாராளமாக. நான் யாரையும் பிடித்து வைப்பவள் இல்லை. நீ போனபோது தடுத்தேனா?

அவனிடம் சொல்லத்தான் போகிறாய். சொல். இரண்டு தடவையும் வளைத்தது நான்தான். போர்டைத்தான் தொட்டேன். அவன் கையை நான் தொடவே இல்லை.