தேசியச் சராசரி நாற்பத்தாறு

எனக்குக் காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர். தவக்காலத்தில் நான் காபி தொடுவதில்லை. ஏட்டையா குடிக்கட்டும்.

என் பெயர் பிலோமின்ராஜ். பாலக்கரையில் என் தகப்பனார் கட்டிய தொடக்கப்பள்ளிக்கு நான் தாளாளர். வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். மறைக்க ஏதாவது இருப்பவனுக்குத்தான் வக்கீல். நான் செய்ததை நானே சொல்வேன்.

போன வருஷம், எண்பத்திரண்டில், தில்லியில் தயாரித்த கணக்குத் தேர்வு ஒன்றை இந்த ஜில்லாவில் சில பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு வைத்தார்கள். பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டம். என் மகன் வயதுகூட இல்லாத அதிகாரி கரும்பலகையில் எழுதினார். நாடு முழுவதற்கும் சராசரி நாற்பத்தாறு. கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புப் பள்ளி ஐம்பத்தெட்டு. எங்கள் பள்ளி முப்பத்தொன்பது.

எனக்குப் பின்னால் துறையூர்க்காரர் ஒருவர், "பாலக்கரை பெரிய வீட்டுக்கே முப்பத்தொம்பதா? அப்ப நாமெல்லாம் மெடல் வாங்க வேண்டியதுதாங்க" என்றார். கூடமே சிரித்தது.

அன்று நான் பஸ் ஏறவில்லை. காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தேன். கோபம் ஆறவில்லை. இன்றுவரை ஆறவில்லை. என்ஜினியர் வீட்டுப் பிள்ளையையும் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவள் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்தியது தில்லிக்காரன் செய்த அநியாயம். ஆனால் தில்லிக்காரன் என் கைக்கு எட்டமாட்டான். முப்பத்தொன்பதை எனக்கு வாங்கித் தந்தவர்கள் தினமும் என் கண் முன்னால் மதிய உணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை என் மருமகள் லூர்துராணி. அவள் அந்த அதிகாரியிடமே போய், ஒவ்வொரு கணக்கிலும் நாடு எப்படி, நாம் எப்படி என்று கேட்டு வாங்கி வந்தாள்.

"மாமா, இதப் பாருங்க. பெருக்கல்ல நம்ம புள்ளைங்க யாருக்கும் கொறைச்சல் இல்ல. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்குலதான் வழுக்கியிருக்கு. நாடு முழுக்க நூத்துல அறுவது புள்ளைங்க சரியாப் போட்டிருக்கு, நம்மள்ல முப்பதுதான். எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. அடைச்சிரலாம்."

"ஓட்டைன்னு ஊரைக் கூட்டி வாசிச்சுட்டாங்களேம்மா."

"வாசிச்சா வாசிக்கட்டும் மாமா. மார்க்கு புள்ளைங்களுக்கா, நமக்கா?"

மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? அதற்குப் பிறகு நான் அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. அவள் தினமும் சாயங்காலம் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் புளியங்கொட்டையைப் பரப்பிக் கழித்தல் சொல்லிக் கொடுத்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்பது சட்டையையும் வீட்டையும் பார்த்தாலே எனக்குத் தெரியும். நாற்பது வருஷ அனுபவம். ஒன்பது பேர் தேறமாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

இந்த வருஷம், அவர்கள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் முன்பே, அதே தேர்வு மறுபடியும் வந்தது. அந்த ஒன்பது பேரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மருமகள் அவர்கள் வீட்டுக்கே போய் அழைத்து வந்துவிடுவாள். அதனால்தான் பேதி மருந்து. பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். குடித்த பிள்ளை மறுநாள் ரசம் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

நாட்டு மருந்துக் கடைக்காரர், "யாருக்குங்க? பெரியவங்களுக்கா, சின்னப் புள்ளைங்களுக்கா?" என்று கேட்டார். பெரியவர்களுக்கு என்றேன். பிள்ளைகளுக்குத் தருவது பாதி நாளில் தெளிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தின மத்தியானம் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, பூச்சி மருந்து என்று சொல்லி, ஆளுக்கு ஓர் உருண்டை என் கையாலேயே கொடுத்தேன். ராசாத்திக்கு மட்டும் இரண்டு. மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கும் வேலம்மாளின் மகள் அவள். நான் எது கேட்டாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆனால் ஒரு நாளும் லீவு போடாதவள். ஒன்று போதாது என்று நினைத்தேன்.

"கசக்குது சார்."

"முழுங்கு. உன் நல்லதுக்குத்தான்."

முழுங்கிவிட்டு, கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினாள்.

மறுநாள் எட்டுப் பேர் வரவில்லை. ராசாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். லூர்துராணி பதறிப்போனாள். "ஏண்டி, மூஞ்சியெல்லாம் இப்படி வெளுத்திருக்கு? வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எழுதிட்டு வரேன் டீச்சர். கழித்தல் மறந்துரும்."

நானும் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். நடுவில் எழுந்து எழுந்து வெளியே போய்வந்து கடைசிக் கணக்குவரை எழுதினாள். தாளைக் கொடுத்துவிட்டு வாசற்படியில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர், "என்ன சாப்பிட்டா? என்ன குடுத்தீங்க? சொன்னாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்" என்று எல்லோரையும் கேட்டார். வேலம்மாள் கஞ்சி என்றாள். நான் தெரியாது என்றேன். சொல்லியிருந்தால் என் தகப்பனார் பெயர் அந்த வராந்தாவிலேயே போயிருக்கும். பொழுது சாயும்போது ராசாத்தியின் உயிர் போய்விட்டது. மற்ற எட்டுப் பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தியின் தாய்தான் பூச்சி மருந்தைப் பற்றி லூர்துராணியிடம் சொல்லியிருக்கிறாள்.

நேற்று மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "நீங்க போய்ச் சொல்றீங்களா மாமா, நான் சொல்லட்டுமா?" அவள் வாயால் வெளியே போனால் குடும்பத்துக்கு இழுக்கு. நானே வந்துவிட்டேன்.

தேர்வு முடிவும் வந்துவிட்டது. ராசாத்தி எழுபத்து மூன்று. வகுப்பிலேயே அதுதான் அதிகம். இறந்துபோன பிள்ளையின் தாளை எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டனுப்பினார். அது இல்லாவிட்டால் எங்கள் சராசரி நாற்பத்தைந்தரைகூட வராது. சேர்த்தால் நாற்பத்தாறரையைத் தாண்டுகிறது. சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் பள்ளிப் பிள்ளைதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதை வேலம்மாளிடம் எடுத்துச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். பெருமைப்படுவாள்.