நான்காம் எண் ஆமையின் மரு பற்றிப் பாக்கியலட்சுமி எழுதிக் கொடுத்தது

மைசூர், 12-4-1984, வியாழக்கிழமை காலை. கனம் கோர்ட்டார் பார்வைக்கு அனுப்புவதற்காகப் போலீஸ் நிலையத்தில் என் கையால் எழுதியது.

என் பெயர் பாக்கியலட்சுமி. வயது பதினாறு நடக்கிறது. தகப்பனார் பெயர் அய்யாவு, கொத்தனார் வேலை. மேட்டகள்ளியில் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகை வரிசையில் கடைசி வீட்டில் அப்பா, அம்மா, தங்கை லீலா ஆகியோருடன் குடியிருக்கிறேன். சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். அங்கே ஆறாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். அப்பாவுக்கு மைசூரில் வேலை கிடைத்ததும் படிப்பு நின்றுவிட்டது. கன்னடம் பேசுவேன், எழுத வராது. நேற்று மாலை நிலையத்தில் என்னைச் சொல்லச் சொன்னபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் அவர்கள் தாளும் பேனாவும் கொடுத்து, தெரிந்த மொழியில் எழுது, தமிழ் தெரிந்த எழுத்தர் சேஷு பார்த்துக்கொள்வார் என்று சொன்னார். என்னை யாரும் மிரட்டவில்லை.

சென்ற வருடம் பிப்ரவரி மாதம் மைசூருக்கு வரும் வழியில் ஒரு லாரி பிடிபட்டது. அதில் ஈரச் சாக்குகளுக்குள் ஏழு கடல் ஆமைகள் உயிரோடு இருந்தன. கறிக்காகக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்கள். லாரியை நான் பார்க்கவில்லை. வழக்கு முடியும் வரை ஆமைகள் கோர்ட்டுப் பொருள் என்பதால் அவற்றை ஒரு மரக் கிடங்கின் பின்புறம் வைத்தார்கள். ஒரு தொட்டியைக் கழுவும்போது மற்றதில் விடுவதற்காக அங்கே பெரியதும் சிறியதுமாக இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் கட்டினார்கள். கட்டியது என் அப்பா. தண்ணீர் மாற்றவும் தீனி போடவும் ஆள் வேண்டும் என்று கால்நடை மருத்துவர் ஜகதீசன் கேட்டபோது, அப்பா என்னைச் சொன்னார். “எம் புள்ள வாயத் தொறந்து பேசாதுங்க. ஆனா சொன்ன வேலைய மறக்காதுங்க” என்றார். மார்ச் மாதம் முதல் தேதியிலிருந்து அங்கே வேலை செய்து வருகிறேன்.

டாக்டர் அதுவரை மாடுகளுக்கும் குதிரைகளுக்கும்தான் வைத்தியம் பார்த்தவர். கடல் ஆமையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எப்போதும் கையில் வைத்திருப்பார். முதல் நாள் ஆமைகளின் ஓட்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டார். அதன் பிறகு என்னை நிற்க வைத்து, தினமும் ஒவ்வொன்றின் கண், வாய், கழுத்து, துடுப்பு, வால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், புண், கட்டி, மரு எது தெரிந்தாலும் அன்றே சொல்ல வேண்டும் என்றார். இந்த ஜாதி ஆமைகளுக்கு மருப் போல ஒரு வியாதி வருவதுண்டு என்றும், அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் என்று சந்தேகப்படுவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்படி வந்த ஆமையை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அத மட்டும் விட முடியாதும்மா. கடல்ல இதுங்க ஆயிரக்கணக்குல இருக்கு. நாம இங்கேர்ந்து ஒரு வியாதியக் குடுத்து அனுப்பினா, லாரில ஏத்தினானே, அவனே தேவலைன்னு ஆயிடும்.”

நான் சரிங்க என்று சொன்னேன்.

அதன் பிறகு தினமும் காலை ஏழு மணிக்குப் போய் உப்பு மூட்டை அவிழ்த்துத் தண்ணீரில் கலக்குவேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு கண்ணாடி மிதவை கொடுத்திருந்தார். அது மே மாதம் உடைந்தது. அதன் பிறகு கோழிமுட்டையைப் போட்டு, எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டோம். அந்த முட்டைகளைக் காவல்காரர் மல்லப்பன் வேகவைத்துத் தின்றார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. தேவராஜா மார்க்கெட்டிலிருந்து வரும் கோஸ் இலைகளைக் கழுவிப் போடுவேன். போடும்போது எண்களை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன் போலிருக்கிறது. அதைக் கேட்ட மல்லப்பன் தினமும், “ஏனு ஆமெ டீச்சர், அட்டெண்டன்ஸ் ஆய்த்தா? யாராச்சும் ஆப்சென்ட்டா?” என்று கன்னடம் கலந்து கேட்பார்.

நான்காம் எண் பன்னிரண்டு கிலோ, ஏழில் சிறியது. மற்ற ஆறும் இலை விழும் சத்தத்துக்கு வரும். நான்காம் எண் இலை இல்லாதபோதும் வரும். தொட்டிச் சுவரில் நான் கையை வைத்தால் வந்து அதன் அடியில் தலையை வைத்துக்கொண்டு நிற்கும். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போது என் கையில் சூடாக மூச்சுப் படும். வழக்குக்கு இது தேவையில்லை என்றால் இந்த வரிகளை அடித்துவிடலாம்.

அக்டோபர் மாதக் கடைசியில் நான்காம் எண்ணின் இடது முன் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில், மடிப்புக்குள், கடுகு அளவில் ஒன்று பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். அழுக்காக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். பத்து நாளில் அது மிளகு அளவு ஆனது. நவம்பர் முதல் வாரம் டாக்டர் மாதச் சோதனைக்கு வந்தார். சோதனையின்போது ஆமையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அன்று நான்காம் எண்ணைத் தூக்கி மேசையில் வைத்தபோது என் வலது உள்ளங்கையை அந்த மருவின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், வாலைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். என் கையை எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் கழுத்தில் மரு இருந்தது. அம்மா குதிரை வால் முடியால் அதை இறுக்கிக் கட்டினார். எட்டாம் நாள் விழுந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். சோதனை முடிந்த மறுநாள் நான் குதிரை வண்டி ஸ்டாண்டுக்குப் போய், வண்டிக்காரர் தொட்டையனிடம் ஒரு முடி கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, எங்கேயும் காணோமே என்றார். அதன் பிறகு வேறு எதுவும் கேட்காமல் இரண்டு முடி பிடுங்கி, “இன்னொண்ணு அறுந்தா வெச்சுக்கோம்மா” என்று கொடுத்தார்.

மல்லப்பன் சாப்பிடப் போன நேரத்தில் நான்காம் எண்ணை மடியில் வைத்து மருவின் அடியில் முடியைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டேன். அது துடுப்பால் என்னை அடிக்கவில்லை. ஒரு முறை மட்டும் மூச்சு பலமாக விட்டது. ஒன்பதாம் நாள் மரு விழுந்து தண்ணீரில் மிதந்தது. அந்த இடத்தில் இரத்தம் இரண்டு சொட்டு வந்தது. மருவை வாசலில் எறிந்தால் முளைக்கும் என்று அம்மா சொல்வார். ஆகவே அதை எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு வீட்டுத் தகரக் கூரையின் இடுக்கில் வைத்தேன். டிசம்பர் சோதனையில் துடுப்பை நானே விரித்துக் காட்டினேன். தழும்பைப் பார்த்து டாக்டர் கேட்டபோது, தொட்டி விளிம்பில் உரசியது என்று சொன்னேன். அப்பா கட்டிய தொட்டியில் அப்படி உரசும் விளிம்பு எதுவும் இல்லை.

மார்ச் மாதம் வழக்கு முடிந்தது. ஏழு ஆமைகளுக்கும் தொற்று வியாதி எதுவும் இல்லை என்று டாக்டர் சான்று கொடுத்தார். அதன் பேரில் ஏழையும் 14-4-1984 சனிக்கிழமை லாரியில் கொண்டுபோய்க் கடலில் விடும்படி உத்தரவு ஆனது. டாக்டர் அன்று மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

இந்தத் திங்கட்கிழமை காலை, ஏற்றிப்போவதற்கான பெட்டிகள் வந்து இறங்கிய பிறகு, ஆமைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். நான்காம் எண்ணைத் துடைக்கும்போது இடது கண்ணின் கீழ் கடுகு போல ஒன்று இருந்தது. வாலடியில் இரண்டு இருந்தன. கண்ணுக்குக் கீழே முடி கட்ட முடியாது. மற்ற ஆறையும் இரண்டு முறை பார்த்தேன். அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் பதினான்கு மாதமாக ஏழும் ஒரே தண்ணீரில் இருந்தன.

அன்று மாலை வீட்டில் லீலா விரல்களைச் சொறிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது ஒன்பது. விரல்களில் மூன்று மரு உண்டு. நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தும் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

“உனக்கு உளுந்துச்சே, அதுக்கப்பறந்தான். ஒரே பாயில படுத்தோம்ல. நீ உன்றத எனக்குக் குடுத்துட்டு நல்லவ ஆயிட்ட” என்று சொல்லிச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்று கேட்டால், கண்ணுக்குக் கீழே இருப்பதை டாக்டர் தானாகவே பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அன்று வந்து பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். ஆமைகளை அவர் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

புதன்கிழமை காலை டாக்டர் வந்ததும் அவரைத் தொட்டிக்கு அழைத்துப் போய் நான்காம் எண்ணைத் தூக்கிக் கண்ணின் கீழே காட்டினேன். பிறகு துடுப்பில் இருந்த தழும்பைக் காட்டி, நவம்பரில் செய்ததைச் சொன்னேன். பாதி சொன்னேன், மீதியை அவர் கேட்கக் கேட்கத் தலையை ஆட்டினேன். அவர் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மஞ்சள் பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை.

“நீ பிடிச்சிண்டிருந்தே. அதனாலதான் நான் அந்த இடத்தப் பாக்கலை” என்றார்.

அதன் பிறகு, விழுந்த மருவை என்ன செய்தாய் என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்து போயிருந்தாலும், புதிதாக வந்திருப்பதில் ஒரு துளி வெட்டி இதோடு பெங்களூருக்கு அனுப்பினால் என்ன வியாதி என்று சொல்லக்கூடும் என்றார். சான்று கொடுத்தவர் தாம் என்றும், அதைத் திரும்பப் பெறுவதாகத் தாமும் எழுதிக் கொடுப்பதாகவும், ஆனால் உத்தரவை மாற்றக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் என்றும், நடந்ததைச் செய்தவள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். மல்லப்பன் அங்கேயே நின்றிருந்தார். டீச்சர் என்று கூப்பிடாமல், “பாப்பா, முதல்ல தண்ணி குடி” என்றார். அன்று மாலை அப்பா என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்.

நான் செய்தது டாக்டருக்கோ மல்லப்பனுக்கோ என் பெற்றோருக்கோ தெரியாது. தொட்டையனிடம் நான் சொன்னது பொய். அவர்கள் பேரில் குற்றம் இல்லை. தழும்பைப் பற்றியும் பொய் சொன்னேன். அதற்கு என்ன தண்டனையானாலும் எனக்குத்தான்.

சனிக்கிழமை லாரியை நிறுத்த வேண்டும். மற்ற ஆறும் தனித் தண்ணீரில் பல மாதம் இருந்து, ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் போக முடியும் என்று டாக்டர் சொல்கிறார். நேற்றே நான்காம் எண்ணைச் சிறிய தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குத் தனி வாளி, தனித் துணி. அதைத் தொட்டவர்கள் மற்றவற்றைத் தொடக் கூடாது என்பதால், ஆறுக்கும் வேறு ஆள் போட்டு, நான்காம் எண்ணுக்கு மட்டும் என்னை வைத்திருக்கிறார்கள்.

அதைக் கொன்றுவிடுவார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். பெங்களூரிலிருந்து பதில் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை தமக்கே தெரியாது என்றார். பதில் எப்படி வந்தாலும் இது எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்றே எழுதுகிறேன். கொல்லத்தான் வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நான் எழுதியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

மேலே உள்ளவை நான் கண்ணால் பார்த்தவையும் கையால் செய்தவையும் ஆகும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுத்தர் சேஷு அவர்கள் உரக்கப் படித்தார்கள், கேட்டேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
அ. பாக்கியலட்சுமி