நூற்றுக்கு ஐந்து கூட

— நம்ம பள்ளிக்கோடத்துக்கு இதவிட என்ன வெளம்பரம் வேணும், நாகஜோதி டீச்சர்? நாலாப்புப் புள்ள, பெருக்கல எப்படிப் போட்டேன்னு வாயால வெளக்கிச் சொல்றா! ஆண்டு விழாவுல பெரிய திரையில போட்டே ஆகோணுமுங்க.

— நான் எடுத்து அனுப்புன அந்த வீடியோவ முழுசாப் பாத்தீங்களா, அர்த்தநாரி சார்?

— ஏனுங், பதினோரு நிமிசம் உக்காந்து பாத்தா என்ற கம்பெனிய ஆரு பாக்கறது? மொதக் கணக்கப் பாத்தனுங். இருவத்தினாலு ஆறு எவ்வளவுன்னு நீங்க கேட்டீங்க. இருவத்தஞ்சு ஆறு நூத்தம்பது, அதுல ஒரு ஆறக் கழிச்சா நூத்தி நாப்பத்தினாலுன்னு சொன்னா பாருங் தேவிப்பிரியா, அசந்து போயிட்டேன். அப்பவே பையருக்கு அனுப்பிட்டனுங்.

— யாருக்கு? முழு வீடியோவையுமா?

— ஆமாங்க. நம்ம பனியன வாங்கற வெளிநாட்டுக்காரங்களுக்குத்தான். அவிங்க ஆடிட் மேடம் நாளைக்குக் கம்பெனியச் சுத்திப் பாக்க வருதுங்க. தொழிலாளி புள்ளைகள ஃபீஸ் வாங்காம படிக்க வெக்கறேன்னு சும்மா சொன்னா நம்போணுமில்ல?

— அந்தக் கணக்கு அங்க முடியல சார். கூட ஒரு ஏழச் சேத்து நூத்தி அம்பத்தொண்ணுன்னு எழுதினா.

— அதென்னுங்க ஏழு?

— நூத்துக்கு அஞ்சு. மிச்ச நாப்பத்தினாலுக்கு ரெண்டு. டேமேஜுக்காம்.

— அடடா! அது கட்டிங் கணக்குங்க! துணிப் பீசு கொஞ்சம் வீணாப் போவும்னு நாங்க நூத்துக்கு அஞ்சு கூட வெட்டுவமுங்க. அவங்கப்பன் கட்டிங் மாஸ்டருங்களா?

— அப்பா இல்ல சார். அம்மா உங்க கம்பெனியிலதான் அயர்ன் பண்ணுதா. ரெண்டு மாசமா எல்லாக் கணக்குலயும் இந்தப் புள்ள இப்படிக் கூடத்தான் எழுதுதா. பன்னண்டு பத்து நூத்தி இருவத்தாறும்பா. நானும் செவப்பு மையில தப்புப் போட்டுத் தள்ளுனேன். மக்குன்னு வேற ஏசுனேன். நெனச்சா என் மூஞ்சியில நானே காறித் துப்பணும் போல இருக்கு.

— செரி வுடுங்க, படிக்கற புள்ளைகன்னா...

— நீ எப்படி யோசிச்சேன்னு கேட்ட பொறவுதான வாயத் தொறந்தா. ஞாயித்துக்கெழம உங்க கம்பெனி மாடியில ஒக்காந்து பிசிறு வெட்டுதாளாம். ஒம்பது வயசு சார்.

— ஆத்தா கூட வெளையாட வந்திருக்குமுங்க. ரெண்டு நூலு வெட்டுனா என்ன இப்ப?

— வெளையாட்டா? பென்சிலப் புடிக்க முடியாம வெரல்ல கொப்புளம். சீ! ஃபீஸு வேண்டாம்னு தருமவான் கணக்காச் சேத்துக்கிட்டு, லீவு நாள்ல அந்தப் பிஞ்சுகளப் பிழிஞ்சிருக்கீங்க. நீங்க குடுக்க சம்பளத்துலதான் நானும் சோறு திங்கேன்.

— மெதுவாப் பேசுங். சொவத்துக்கும் காதிருக்குது.

— இன்னும் இருக்கு, கேளுங்க. சொந்தமா ஒரு பெருக்கல் கணக்கு சொல்லுன்னேன். ஆடிட்டுக்கு ஆள் வந்தா மாடியில துணி ரோலுக்குப் பின்னால ஏழு ஏழா நாலு வரிசையில ஒளிஞ்சுக்கிடுவோம் மிஸ், மொத்தம் இருவத்தெட்டுப் பேருன்னா. இதுல மட்டும் ஏன்ட்டி கூடச் சேக்கலன்னு கேட்டேன். அங்க இடம் பத்தாதுங்கா.

— அய்யய்யோ... மொதல்ல அத அழிச்சுப்போடுங் டீச்சர்! இல்ல, சித்தெ இருங். நாந்தான் அனுப்பிட்டனே. செரி, பயமில்லீங்க. அந்த மேடத்துக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. புள்ள பேசுனது அதுக்கு ஒண்ணும் வெளங்காது.

— தமிழ் எதுக்கு சார்? யோசிச்சதப் படமாப் போட்டுக் காட்டணும்னு மொத நாளே சொல்லிக் குடுத்திருக்கேன். உங்க கம்பெனிப் பேர வாசல் கேட்டுல இருக்க மாதிரியே இங்கிலீஷ்ல எழுதி, மாடிப்படி வரைஞ்சு, ரோலுக்குப் பின்னால இருவத்தெட்டுத் தலையையும் ஏழு ஏழாப் போட்டு, அந்த எடத்துக்கு அம்புக்குறியும் போட்டு வீடியோவுல காட்டியிருக்கா.